வர்க்கத்துள் மறைந்த குறி

மூலக்கூறொன்றினுள் மின்னேற்றம் எவ்வாறு பரந்துள்ளது என்பதைக் கண்ணாற் கண்டு கூறுதல் இயலாது. கோடானுகோடி மூலக்கூறுகள் ஒருங்கே திரியும் வாயுவின் இயல்புகளை அளந்து, அவற்றிலிருந்து தனியொன்றின் இயல்பை உய்த்துணர வேண்டியுள்ளது. ஊரின் போக்கைக் கொண்டு ஒருவனின் குணத்தை மதிப்பிடுவது போன்ற இம்முயற்சியில், அளவீடு எங்கே முடிகிறது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்பதே முதன்மையான வினாவாகும்.

நேர் ஏற்றத்தின் மையமும் மறை ஏற்றத்தின் மையமும் பொருந்தாது விலகி நிற்கும் மூலக்கூறு இருமுனைவுத் திருப்பம் உடையது. அத்தகைய வாயுவை மின்புலத்தில் வைத்தால் மூலக்கூறுகள் புலத்தின் வழியே திரும்ப முயலும். வெப்பக் கிளர்ச்சியோ அவ்வொழுங்கைக் குலைக்கும். இப்போராட்டத்தையே 1912 இல் பீற்றர் டெபாய் அளவுகோலாக்கினார். கொள்ளளவியின் தகடுகளுக்கிடையே வாயுவை நிரப்பி, அதன் மின்னுழைய மாறிலியைப் பல வெப்பநிலைகளில் அளந்து, மூலக்கூறின் பங்கை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடொன்று கிடைக்கும். அதன் சாய்வு திருப்பத்தின் வர்க்கத்தைத் தருகிறது. நீராவிக்குக் கோடு சாய்ந்தெழுகிறது, திருப்பம் 1.85 டெபாய். காபனீரொட்சைட்டுக்கோ கோடு கிடையாகவே கிடக்கிறது. முன்னது வளைந்த மூலக்கூறு, பின்னது நேரானது என்னும் செய்தி இவ்விரு கோடுகளிலேயே அடங்கியுள்ளது.

ஆயினும் கிடைப்பது வர்க்கமே. எந்த முனை நேர், எந்த முனை மறை என்பதை வர்க்கம் விழுங்கிவிடுகிறது. (மறை என்னும் கணிதச் சொல் இங்கு இருபொருள்பட நிற்பது தமிழின் பேறு.) காபனோரொட்சைட்டின் திருப்பம் ஏறத்தாழ 0.11 டெபாய் மட்டுமே. இலத்திரனை மிகவும் கவரும் ஒட்சிசனே மறை முனையாகும் என்று எவரும் எதிர்பார்ப்பர். 1958 இல் நுண்ணலை நிறமாலை ஆய்வு இதனைத் தலைகீழாக்கியது: காபனே மறை முனை. குவாண்டம் கணிப்பு முறைகளுள் எளியதொன்று இன்றும் இக்குறியைத் தவறாகவே தருகிறது.

இருமுனைவு இல்லாத காபனீரொட்சைட்டும் மின்னியல்பில் வெறுமையானதன்று. நடுவே ஒரு வகை ஏற்றமும் இரு நுனிகளில் மற்றைய வகையும் நின்றால், எஞ்சுவது நான்முனைவுத் திருப்பம். அதனை அறிய, வாயு இலட்சிய நடத்தையிலிருந்து எவ்வளவு வழுவுகிறது என்பதைக் காட்டும் இரண்டாம் விரியல் குணகத்தைக் கீசம் முதலானோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாடினர். இவ்வழி இடர்மிக்கது. மூலக்கூறுகளின் ஏனைய கவர்ச்சியும் தள்ளுகையும் அக்குணகத்திலேயே கலந்துள்ளன. அவற்றுக்கு எந்த விதியைக் கொள்கிறோமோ அதற்கேற்ப நான்முனைவின் பெறுமானமும் மாறும். ஒரே அளவீட்டிலிருந்து இருவர் இரு விடைகளைப் பெறலாம். இருவரும் கணக்கிற் பிழை செய்தவரல்லர். 1955 இல் பக்கிங்காமும் போப்பிளும் வேறொரு வழி காட்டினர்: அடர்ந்த வாயுவில் ஒரு மூலக்கூறின் நான்முனைவு அயல் மூலக்கூறில் இருமுனைவைத் தூண்டும், அதனால் மின்னுழைய மாறிலி சற்று மிகும். ஆங்கும் வெளிப்படுவது வர்க்கமே.

குறி வெளிப்பட்டது 1963 இல். பக்கிங்காம் 1959 இல் முன்மொழிந்த முறையை அவரும் டிஷ்ஷும் செய்துகாட்டினர். நீண்ட குழாயினுள் இரு மெல்லிய கம்பிகளை ஒரே அழுத்தத்தில் வைத்தால், அவற்றின் நடுவே புலம் இல்லை. புலத்தின் மாறுவீதம் மட்டும் உண்டு. நான்முனைவு இருமுனைவைப் போலப் புலத்துக்கன்றி அம்மாறுவீதத்துக்கே இணங்கித் திரும்பும். மூலக்கூறுகள் மிகச் சிறிதளவே ஒழுங்குற, அவ்வழியே செல்லும் ஒளிக்கு இரு செங்குத்துத் திசைகளில் முறிவு வேறுபடும். இவ்வேறுபாடு வர்க்கத்தையன்றித் திருப்பத்தையே சார்ந்தமையால் குறி தப்பவில்லை. காபனீரொட்சைட்டின் பெறுமானம் மறை. பிந்திய அளவீடுகளின்படி ஏறத்தாழ 4.3 பக்கிங்காம் அலகுகள். நுனிகளில் நிற்கும் ஒட்சிசன்களே மறையேற்றம் உடையன.

இங்கு எதிர்பார்ப்பும் அளவீடும் ஒத்துப்போயின, காபனோரொட்சைட்டில் ஒத்துப்போகவில்லை. மெதேனுக்கோ நான்முனைவும் இல்லை. எண்முனைவே முதலில் நிற்கிறது. அதனை மதிப்பிட அமுக்கிய வாயுவின் மின்னுழைய அளவீடுகளையும், மோதல்களால் எழும் செந்நிறக்கீழ் உறிஞ்சலையும் மீண்டும் நாட வேண்டியுள்ளது. அவை தருவதும் வர்க்கமே.