வரிச்சும் கதியாலும்

குருத்துவ ஊழியத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுக்கும் ஒருவர் முதலில் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும் என்பது நெடுங்காலமாக நிலவி வந்த வழக்கு. இறையியற் கல்லூரி தொலைவில் இருந்தது. நூலகமும் அங்கே, ஆசான்களும் அங்கே. பெட்டியுடன் புகையிரதம் ஏறியவர் மூன்று நான்கு ஆண்டுகளின் பின்னர் வெள்ளை அங்கியுடன் திரும்பினார். சிலர் திரும்பாமலும் போயினர். இன்று அப்பயணத்தின் திசை மாறியிருக்கிறது. கல்லூரி கைத்தொலைபேசியின் சிறு திரைக்குள் அடங்கி, மாணவனைத் தேடி ஊருக்கு வருகிறது. இம்மாற்றம் எதனைத் தந்தது, எதனைத் தர மறந்தது என்பதை வாழைச்சேனையில் வாழும் மாணவர் ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு நோக்குதல் பயனுடையதாகும்.

வாழைச்சேனை, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், களப்பையும் கடலையும் அண்டி அமைந்த ஊர். வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்வதற்கென 1950களில் எழுந்த ஆலையாலும், மீன்பிடித் துறைமுகத்தாலும் நாடறிந்தது. ஐஸ் ஆலையொன்றிற் கணக்கெழுதி வாழ்பவர் அம்மாணவர். வயது நாற்பதைக் கடந்தவர். மனைவியும் பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருவரும் உடையவர். இருபது குடும்பங்கள் கூடும் சிறு சபையொன்றுக்குப் போதகர் மாதத்தில் ஒருமுறையே வர இயல்வதால், ஏனைய ஞாயிறுகளில் ஆராதனை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. முறையாகக் கற்று ஊழியத்தில் இறங்கவேண்டும் என்னும் ஆவல் இருபது வயதிலேயே அவருக்கு இருந்தது. போரும், தந்தையின் மறைவும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அதனை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போட்டன. பின்னர் குடும்பம் வந்தது. பெட்டி கட்டும் காலம் போய்விட்டது.

இத்தகைய நிலை வாழைச்சேனைக்கு மட்டும் உரியதன்று. 1963 ஆம் ஆண்டளவில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டிலும் திருச்சபையினர் இதே சிக்கலை எதிர்நோக்கினர். அங்குள்ள பிரெஸ்பிற்றேரியன் திருச்சபை, தலைநகரில் இருந்த தன் இறையியற் கல்லூரியை நாட்டுப்புறத்திற்கு மாற்றிப் பார்த்தது. அப்பொழுதும் சபைகளை உண்மையில் தாங்கி நின்றோர் படிக்க வரவில்லை. அவர்கள் குடும்பத் தலைவர்கள். வயலையும் தொழிலையும் விட்டு விடுதியில் தங்க இயலாதோர். விடுதியில் தங்க இயன்ற இளைஞருட் பலரோ படிப்பு முடிந்தபின் கிராம ஊழியத்தில் நிலைக்கவில்லை. றால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமரி, றொஸ் கின்ஸ்லர் ஆகியோர் கல்லூரியையே மாணவரிடம் கொண்டு செல்லத் துணிந்தனர். மாணவர் வீட்டிலிருந்தே பாடநூலைப் பயில்வர். ஆசான் குறித்த நாளில் அவர்களுக்கு அண்மையிலுள்ள நிலையத்திற்கு வந்து உரையாடுவார். விரிவாக்க இறையியற் கல்வி எனப்பட்ட இம்முறை விரைவிற் பல நாடுகளுக்கும் பரவிற்று. 1971 ஆம் ஆண்டில் பெங்களூரைத் தளமாகக் கொண்டு இந்தியாவிலும் இதற்கென ஓர் அமைப்பு உருவாயிற்று.

இம்முறையை ரெட் வோர்ட் என்னும் அமெரிக்கக் கல்வியியலாளர் வேலிக்கு ஒப்பிட்டார். கிடையாக ஓடும் இரு மரங்களுள் ஒன்று நூலறிவு. மற்றையது களத்திலே பெறும் அனுபவம். அவ்விரண்டையும் இடையிடையே தாங்கி இணைக்கும் கம்பங்களே ஆசானும் மாணவரும் கூடியிருந்து உரையாடும் சந்திப்புகள். நம்மவர்க்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. வரிச்சு எத்துணை நீண்டதாயினும் கதியால் இன்றி வேலி நில்லாது என்பதை ஊர்ச் சிறுவனும் அறிவான்.

இணையம் வந்தபின் வரிச்சுகள் நீண்டன. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று விடுதிக் கல்லூரிகளையும் திரைக்கு மாறச் செய்தது. உலகின் எம்மூலையிலிருந்தும் விரிவுரை கேட்கலாம் என்ற நிலை இயல்பாயிற்று. ஆனால் நீண்ட வரிச்சுக்கு ஏற்பக் கதியால்கள் ஊன்றப்பட்டனவா என்னும் வினா எழாமல் இல்லை.

அம்மாணவர் சேர்ந்தது கடல் கடந்த நாடொன்றில் உள்ள நிறுவனத்தின் பாடநெறியில். பிள்ளைகளின் பாடங்களைப் பார்த்து முடித்த பின்னர், இரவு ஒன்பது மணிக்கு அவருடைய வகுப்புத் தொடங்கும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, ஆலையின் ஜெனரேற்றர் இயங்கும் வேளை பார்த்துத் தொலைபேசிக்கு மின்னேற்றிக்கொண்டார். மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்த அந்நாட்களில் ஆலையிலும் வேலை குறைந்தது. படிப்பதற்கு நேரம் கிடைத்தது. தவணைக் கட்டணத்திற்குத்தான் வழியில்லை. மனைவி தம் காப்புகளுள் ஒன்றை அடகுவைத்துக் கட்டினார். அதுபற்றி இருவரும் பின்னர் பேசிக்கொண்டதில்லை.

பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைத் தமிழில் எண்ணிப் பார்ப்பதற்கென அவர் ஒரு கொப்பி வைத்திருந்தார். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ். வலப்பக்கமே அவருக்குச் சிக்கலாயிற்று. தம் சபையார் கிருபை என்பதை அயலிலுள்ள கத்தோலிக்கர் அருள் என்பர். சைவரான அயலவர்க்கோ அருள் என்பது தம் திருமுறைகளில் ஊறிய சொல். எச்சொல்லை எடுத்தால் எவர் மனத்தில் எப்பொருள் விரியும் என்று அவர் தயங்கி நிற்பார். விரிவுரையாளர் அரை நிமிடத்திற் கடந்துபோன சொல்லுடன் அவர் ஓர் இரவு முழுவதும் இருந்ததுண்டு. பாடத்திட்டத்தில் இல்லாத அக்கல்வியே பின்னர் அவருடைய பிரசங்கங்களுக்கு உதவிற்று.

மூன்றாம் ஆண்டில், துயருற்றோரைத் தேற்றல் என்னும் அலகு வந்தது. நன்கு எழுதப்பட்ட பாடம் அது. இறப்புச் செய்தி கேட்டவுடன் வீட்டிற்குச் செல்லல், அடக்க ஆராதனையை ஒழுங்கு செய்தல், பின்னர் வரும் வெறுமையான வாரங்களில் துணைநிற்றல், நினைவு நாளை மறவாமை என யாவும் படிப்படியாக விளக்கப்பட்டிருந்தன. தம் சபையில் நேர்ந்த ஒரு துயரை எடுத்து, கற்றதனை அதிற் பொருத்திக் கட்டுரை எழுதவேண்டும் என்பது பயிற்சி.

அச்சபையில் ஒரு மூதாட்டி இருந்தார். 1990 ஆம் ஆண்டில் கிழக்கு மாகாணத்திற் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போன நாட்களில் அவருடைய மூத்த மகனும் காணாமற் போனான். விசாரணை என்று சொல்லப்பட்ட இடங்களுக்கெல்லாம் மகனின் படத்துடன் சென்று வந்தவர் அவர். இனியேனும் ஒரு நினைவாராதனை வைத்து மனத்தை ஆற்றிக்கொள்ளுமாறு உறவினர் அவரை வற்புறுத்தினர். ஒரு ஞாயிறன்று எல்லோரும் சென்ற பின்னர் அவர் மாணவரிடம் கேட்டார்: “நினைவாராதனை வைச்சா, எண்ட பிள்ளை செத்துட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி ஆகாதா, தம்பி?”

பாடத்தின் படிகள் யாவும் உடல் ஒன்று இருந்தது என்னும் எண்ணத்தின்மேல் அமைந்தவை. உடலுமில்லை, நாளுமில்லை, இறந்தான் என்ற சொல்லுமில்லை என்னும் நிலையில் முதற்படியிற் காலை வைப்பதற்கும் இடமில்லை. அவர் தம் ஆசானுக்கு எழுதினார். மூன்று நாட்களில் வந்த மறுமொழி அன்பும் அறிவும் நிறைந்தது. அமெரிக்க அறிஞர் பவுலின் பொஸ் இத்தகைய துயரை 1970களிலிருந்தே ஆராய்ந்து, தெளிவற்ற இழப்பு என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டிருப்பதையும், போரிற் காணாமற்போன படையினரின் குடும்பங்களிடையே அவ்வாய்வு தொடங்கியதையும், இத்துயருக்கு முடிவுகட்டுமாறு எவரையும் நெருக்குதல் தகாது என்பது அவர் கருத்து என்பதையும் ஆசான் விளக்கியிருந்தார். தம் சபையின் மூதாட்டி திண்ணையில் இருந்து கேட்ட கேள்வியை உலகின் வேறு தாய்மாரும் கேட்டிருக்கிறார்கள் என்பது மாணவருக்கு ஆறுதலாயிற்று. அவ்வறிவைத் தந்தது இணையமே. அதனை மறுத்தல் நன்றியின்மையாகும்.

எனினும் அந்த அறிவைத் தாயொருத்தியின் முன் எவ்வாறு எடுத்து வைப்பது? துயரின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து வர முடியாது. ஓய்வுபெற்ற முதிய போதகர் ஒருவரிடம் அவர் இதனைக் கூற, அம்முதியவர் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறி வந்தார். இருவரும் மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றனர். முதியவர் திருமறையைத் திறக்கவில்லை. “மகனுக்கு என்ன கறி விருப்பம், அக்கா?” என்று கேட்டார். மூதாட்டி பேசத் தொடங்கினார். மகனின் குறும்பு, அவன் நீந்திய ஆறு, கடைசியாக அணிந்திருந்த சட்டை என அப்பேச்சு பொழுது சாயும்வரை நீண்டது. அந்த வீட்டிற்குப் பலமுறை சென்றிருந்த மாணவர் ஒருமுறையேனும் அம்மகனின் பெயரைச் சொல்லத் துணிந்தவரல்லர். இறுதியில் முதியவர் ஜெபம் செய்தார். மகனை இறந்தவன் என்றும் சொல்லவில்லை. உயிருடன் இருப்பவன் என்றும் சொல்லவில்லை. எங்கிருந்தாலும் அவனை அறிந்த இறைவனின் கைகளில் அவனை ஒப்புவித்தார்.

நினைவாராதனை வைக்கப்படவில்லை. மகனின் பிறந்த நாளன்று, அவனுக்கு விருப்பமான இறால் கறியுடன் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பதென்று மூதாட்டியே முடிவு செய்தார்.

தொலைவிலிருந்து கற்பித்தல் கிறித்தவத்திற்குப் புதியதன்று. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுள் 21 நூல்கள் நிருபங்களே. நேரில் வர இயலாத பவுல் எழுதி அனுப்பியவற்றைச் சபைகள் கூடியிருந்து வாசித்துக் கேட்டன. ஆயினும் தெசலோனிக்கேயச் சபையார் துன்புற்றபோது அவர் நிருபத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை, தீமோத்தேயுவையும் அனுப்பினார். யோவானின் இரண்டாம் நிருபமோ, எழுதவேண்டியவை இன்னும் பல இருந்தும் அவற்றைத் தாளுக்கும் மைக்கும் விடாது நேரில் வந்து பேசவே விரும்புவதாகக் கூறி முடிகிறது. நிருபம் எழுதியோரே நிருபத்தின் எல்லையையும் அறிந்திருந்தனர்.

அவ்வாறாயின் நேரில் இருத்தல் ஒன்றே போதுமோ எனின், மட்டக்களப்பின் வரலாறு அதற்கும் ஆம் என்று விடை கூறவில்லை. 1814 ஆம் ஆண்டில் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்தபோது அவர்களுள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். கடற்பயணத்தில் மனைவியை இழந்தவர் அவர். குழுவின் தலைவர் தோமஸ் கோக்கும் கடலிலேயே மறைந்தார். தனியராய் வந்து, மொழியைப் பயின்றபடியே பள்ளிகளைத் தொடங்கிய ஓல்ட், ஏறத்தாழ எட்டு மாதங்களில், 1815 ஏப்ரல் 1 ஆம் நாள் உயிர் நீத்தார். மக்கள் நடுவே அவர் இருந்தார். அவர்கள் மொழியில் அவர்கள் துயரைக் கேட்டுப் பழகுவதற்குக் காலம் வாய்க்கவில்லை. வாழைச்சேனை மாணவருக்கோ அம்மொழி பிறப்புடன் வந்தது. அத்துயரும் அவ்வாறே வந்தது. அவற்றை விட்டு விலகாமலே அவர் கற்க முடிந்தமை இணையவழிக் கல்வியின் மெய்யான நன்மை எனலாம்.

அதேவேளை விடுதி வாழ்க்கை தந்ததனை மறப்பதும் நேர்மையன்று. குவாத்தமாலாவிற் கல்லூரி ஊர்களை நோக்கிச் சென்ற அதே 1963 ஆம் ஆண்டில், கண்டிக்கு அண்மையிலுள்ள பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரி தொடங்கப்பட்டது. பல திருச்சபைகள் கூடி அமைத்த அக்கல்லூரியிற் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் தத்தம் மொழியிற் கற்று ஒரே வளவில் வாழ்ந்தனர். ஒருவரையொருவர் போர்ச் செய்திகளாலேயே அறிந்த தலைமுறைகளுக்கு, அடுத்த அறையிலிருந்து பிறமொழிப் பாடல் கேட்டு விழித்தெழுவதும் ஒரு பாடமன்றோ? திரையில் இருபது முகங்கள் ஒரே வேளையில் தோன்றலாம். அவற்றுள் எவரும் மற்றவர்க்குச் சோறு பரிமாறுவதில்லை.

மாணவரின் கட்டுரைக்குக் கிடைத்த புள்ளி நடுத்தரமானது. குறிக்கப்பட்ட சொல்லெண்ணிக்கையை அது மிகவும் கடந்திருந்தது. அவர் அதுபற்றி வருந்தியதாகத் தெரியவில்லை. கிரானிலும் மாங்கேணியிலும் இவ்வாறே திரைவழி கற்கும் இருவரை அவர் தேடிக் கண்டார். மாதத்தின் முதற் சனிக்கிழமை மூவரும் கூடுகின்றனர். முதியவர் பஸ்ஸில் வருகிறார். விரிவுரைகளிற் கேட்டதையும், வீடுகளிற் கண்டதையும் அவர் முன் வைக்கின்றனர். அவர்களுடைய பாடநெறி எதுவும் இச்சந்திப்பைக் கேட்கவில்லை. இதற்குப் புள்ளியும் இல்லை. வரிச்சைத் தொலைவிலிருந்தும் கொண்டுவரலாம். கதியாலை அந்தந்த ஊர் மண்ணிலேயே ஊன்றவேண்டும். வேர் பிடித்தால் அது தளிர்க்கவும் செய்யும்.