பொய் எப்போது உண்மையாகும்?

என் பிரிவு உபசாரத்தில் சால்வை போர்த்திய மேலாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம ப்ராஜெக்ட்ல வார்னிங் கிளீன் பண்ணணும்னா சார்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஓசூர் சிப்காட்டில் இருபத்தெட்டு வருஷம் வண்டி மீட்டருக்கும் கன்ட்ரோலருக்கும் சி மொழியில் எழுதியிருக்கிறேன். பெருக்கித் துடைப்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் நான் செய்தது அதுவல்ல.

அதற்கு முந்தின வாரம்தான், சேர்ந்து இரண்டு வருஷம் ஆன ஒரு தம்பி நானூறு சொச்சம் வார்னிங்கை ஒரே பிற்பகலில் ஒன்றுமில்லாமல் ஆக்கிக் காட்டினான். கோடை வாசித்துப் பார்த்து, தப்பு இருக்கலாம் என்று தோன்றும் இடத்திலெல்லாம் எங்கள் கருவி கத்துவதுதான் வார்னிங். எப்படி அடக்கினான் என்று திறந்து பார்த்தேன். கருவி சந்தேகப்பட்ட வேரியபிளுக்கெல்லாம் '= 0'. டைப் ஒத்துவராத இடமெல்லாம் காஸ்ட். மிச்சத்துக்கு ஃபைலின் தலையிலேயே வார்னிங்கை அடக்கும் ஒரு சப்ரஸ். காரணம் எழுதவேண்டிய கட்டங்களில் ஒரே வாக்கியம், நானூறு தடவை: 'ஆராயப்பட்டது, பாதிப்பில்லை.' யார் ஆராய்ந்தது, எப்போது, எதை வைத்து? கேட்பாரில்லை. திரையில் எல்லாம் பச்சையாகிவிட்டது. மேலாளர் அவன் தோளில் தட்டினார்.

கருவி பொய் சொல்லும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. 1978-ல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் லிண்ட் என்ற இந்த வகைக் கருவியை வெளியிட்டபோதே, 'இந்த இடத்துக்கு வரவே வராது', 'இந்த ஆர்க்யுமென்ட் வேண்டுமென்றே பயன்படுத்தாமல் விடப்பட்டது' என்று அதன் வாயை மூடும் கமென்ட்டுகளையும் கூடவே கொடுத்திருந்தார். அதற்கும் கால் நூற்றாண்டு முன்னால், 1953-ல், ரைஸ் என்ற கணித அறிஞர் நிரூபித்துவிட்டார்: ஒரு ப்ரோக்ராம் ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்விக்கு, எல்லா ப்ரோக்ராமுக்கும் பிசகாமல் பதில் சொல்லும் கருவியைச் செய்யவே முடியாது. ஆகவே ஒன்று, சந்தேகம் வந்தால் கத்துகிற கருவி. இல்லையென்றால், ஆபத்து வந்தாலும் சும்மா இருக்கிற கருவி. வண்டி வேலைக்கு எதை வாங்குவோம் என்று சொல்லத் தேவையில்லை.

கத்தினால் என்ன செய்வது என்பதுதான் தொழில். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் முதல் மேலதிகாரி. வீட்டில் தெலுங்கு, லைனில் கன்னடம், எங்களைத் திட்டத் தமிழ். ஓசூர்க்காரர்.

2004-ல் ஒரு டிஜிட்டல் மீட்டருக்குப் பெட்ரோல் அளவு காட்டும் ஃபங்ஷனை எழுதினேன். டேங்கில் ஃப்ளோட் சென்ஸார். அதிலிருந்து வரும் அளவு சரியான எல்லைக்குள் இருந்தால் கணக்குப் போட வேண்டும். வயர் அறுந்திருந்தாலோ ஷார்ட் ஆகியிருந்தாலோ கடைசியாகக் கிடைத்த நல்ல அளவையே காட்ட வேண்டும். மூன்று நிலைக்கும் மூன்று இஃப். எங்கள் கருவியான பிசி-லிண்ட் 644-ஆம் எண் வார்னிங்கைக் கக்கியது: அளவு வைக்கிற வேரியபிளுக்கு மதிப்பு கொடுக்காமலே பயன்படுத்தும் வாய்ப்பு இருக்கிறதாம். மூன்று நிலைதான் உண்டு, மூன்றிலும் மதிப்பு கொடுத்திருக்கிறேன். அது கருவிக்குத் தெரியவில்லை. சுத்தப் பொய். '= 0' போட்டேன். கருவி அடங்கியது. அவர் வந்து பார்த்தார்.

"இது என்னப்பா?"

"கத்துச்சு சார். இனிஷியலைஸ் பண்ணிட்டேன்."

"பூஜ்யம்னா டேங்க்ல எவ்வளவு?"

"காலி சார்."

"அப்ப ஒவ்வொரு தடவையும் டேங்கைக் காலி பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கிறே."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பூஜ்யம் என்பது வெற்றிடம் இல்லை. பெட்ரோலில் அது காலி டேங்க், வேகத்தில் அது நிற்கிற வண்டி, வெப்பத்தில் அது உறைகிற தண்ணீர். எல்லாமே நம்பும்படியான பதில்கள். '= 0' போட்டுவிட்டால், நாளைக்கு ஏதோ ஒரு வழியில் நிஜமாகவே மதிப்பு கொடுக்க மறந்தாலும் கருவி வாய் திறக்காது. அதன் கண்ணுக்கு ஒரு மதிப்பு இருக்கிறதே. பொய்யை அடக்குவதாக நினைத்துக்கொண்டு, பின்னால் வரப்போகிற உண்மையையும் சேர்த்துப் புதைத்திருக்கிறேன்.

அவருடைய மேஜையில் லாங் சைஸ் கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். நாலு கட்டம். எந்த இடம், கருவி சொல்வது என்ன, அது ஏன் பொய், அந்தப் பொய் எப்போது உண்மையாகும். முதல் மூன்றை நிரப்பப் பத்து நிமிஷம் போதும். நாலாவதில்தான் திணறினேன். 'எப்போதும் பொய்' என்று எழுதினேன். சிவப்பு மையால் அடித்தார். "எப்போதும்னு ஒண்ணு கிடையாது. போர்டு பண்றவன் மாத்துவான், கஸ்டமர் மாத்துவான், நீயே மாத்துவே." ஐந்து முறை எழுதவைத்தார். ஐந்தாவதுதான் தேறியது: 'சென்ஸாருக்கு மூன்றே நிலை. நான்காவது நிலை வருகிற அன்று இது உண்மை.'

'= 0'-ஐ எடுக்கச் சொல்லிவிட்டு, அந்த ஒரு வரிக்கு மட்டும் கமென்ட்டில் 644-ஐ அடக்கச் சொன்னார். பக்கத்திலேயே நோட்டு எண். பிசி-லிண்டில் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வைத்தால், அங்கிருந்து மறுபடி திறந்துவிடும்வரை, இல்லையென்றால் ஃபைல் முடியும்வரை, வாய் மூடிவிடும். ஆச்சரியக்குறி வைத்தால் அந்த ஒரு வரியோடு சரி. ஒரு எழுத்து வித்தியாசம். இன்றைக்கு இதைக் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள்.

எட்டு மாதம் கழித்து போர்டு மாறியது. சென்ஸார் அளவைப் படிக்கிற டிரைவர் 'இன்னும் தயாரில்லை' என்று புதிதாக ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தது. நான்காவது நிலை. அதைச் சேர்க்க வந்த சக ஊழியர் வரிக்குப் பக்கத்தில் எண்ணைப் பார்த்து நோட்டைத் திறந்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வேறொன்றும் நடக்கவில்லை, அதுதான் விஷயம். நோட்டு இல்லாமல் '= 0' இருந்திருந்தால், சாவி போடும்போதெல்லாம் பெட்ரோல் அளவு காலிக்கு விழுந்து எழுந்திருக்கும். நாங்கள் வண்டியில் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு தளி சாலையின் மேடு பள்ளத்தில் ஒரு வாரம் அலைந்திருப்போம்.

கடைசியில் ஒரு எல்ஸ் போட்டால் தீர்ந்ததே என்பீர்கள். போடலாம், வண்டி மென்பொருளுக்கான சி விதித்தொகுப்பான மிஸ்ராவும் கேட்கிறது. அந்த எல்ஸுக்குள் என்ன எழுதுவீர்கள்? நாலாவது கட்டத்துக்கே வந்து சேர்வீர்கள். ஸ்விட்சிலும் இதே கதை. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் டிஃபால்ட் வேண்டும் என்கிறது மிஸ்ரா 2012-ன் 16.4. எட்ட முடியாத கோடு கூடாது என்கிறது 2.1. டிஃபால்ட் போட்டால், 'இங்கே வரவே முடியாது' என்று கருவி கத்தும். கருவியின் கணக்கில் சரிதான். ஆனால் இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மெமரியில் ஒரு பிட் புரண்டால் வருமே! கருவி வண்டி ஓட்டியதில்லை.

ரெஜிஸ்டர் விஷயமும் அப்படித்தான். மோட்டரோலா சிப்புகளில் சீரியல் போர்ட்டின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, அடுத்து டேட்டாவைப் படித்தால்தான் கொடி இறங்கும். படித்த ஸ்டேட்டஸ் மதிப்பை எங்கும் பயன்படுத்த மாட்டோம். 'வீண் வரி' என்று கருவி சொல்ல, ஒருவர் அதை அழித்தார். இன்டரப்ட் ஓயாமல் வந்து போர்டு திணறியது.

இதெல்லாம் சிப்காட் கதை என்று நினைக்க வேண்டாம். 2006-ல் டெபியன் லினக்ஸ்காரர்கள் குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லைப் பார்த்தபோது, மதிப்பு கொடுக்காத மெமரியைத் தொடுவதாக வால்கிரைண்ட் புகார் சொன்னது. வால்கிரைண்ட் கோடை ஓடவிட்டுப் பார்க்கிற கருவி, எங்களுடையது வாசித்துப் பார்ப்பது. நோய் ஒன்றுதான். புகார் நிற்பதற்காக இரண்டு வரியை எடுத்தார்கள். அதில் ஒன்றுதான் சாவி உருவாக்கத் தேவையான எதேச்சை எண்களையெல்லாம் கலக்கிற வரி. மிஞ்சியது ப்ராஸஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768 வகை. உலகத்தின் சர்வர்கள் பலவற்றில் ஊகித்துவிடக்கூடிய சாவிகள். வெளியே தெரிந்தது 2008 மே மாதத்தில். கருவி அடங்கியிருந்ததால் இரண்டு வருஷம் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

எங்கள் நோட்டு நாலு வால்யூம் வரை போனது. 2011-ல் வண்டிப் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 26262 வந்த பிறகு ஒரு தணிக்கையில், மேஜைமேல் இருக்கும் கையெழுத்து நோட்டு 'கட்டுப்பாட்டில் இல்லாத ஆவணம்' என்று குறை எழுதினார்கள். நோட்டு அலமாரிக்குள் போனது. பதிலுக்கு ஒரு படிவம் வந்தது, மூன்று கட்டத்தோடு. நாலாவது கட்டம் ஏன் இல்லை என்று நாலு கூட்டத்தில் கேட்டேன். விதியை மீறியது வேறு, கருவி தப்பாகப் படித்தது வேறு, இரண்டையும் ஒரே படிவத்தில் திணிக்காதீர்கள் என்றும் கேட்டேன். "எண்ணிக்கை எவ்வளவு சார்?" என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். இப்போது அந்தக் காரணத்தையும் ஏஐ எழுதிக் கொடுக்கிறது, பிழையில்லாத ஆங்கிலத்தில். எழுதவைத்த பையன் இரண்டு வருஷத்தில் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், சம்பளம் அங்கேதான் இருக்கிறது. அவன் அடக்கிய வார்னிங் மட்டும் இங்கேயே இருக்கும், வண்டியோடு பத்து வருஷம் ஓடும்.

அந்தத் தம்பி அடக்கிய நானூறு சொச்சத்தில், என் கடைசி வாரத்தில் அறுபதைத்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது. அதில் இரண்டு பொய் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மீதியை யாராவது பாருங்கள்.