நாகைக்கு ஒரு மின்சாரக் கார் பயணம்

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 80 கிலோமீட்டர். அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர் என்று வழிநெடுக ஆறும் வாய்க்காலும் வயலும்தான். பஸ்ஸிலும் ரயிலிலும் எத்தனையோ தடவை போன பாதை. சென்ற தை மாதம் இதே வழியில் மின்சாரக் காரில் போய் வந்தோம். நாகையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்காவின் இளைய மகளுக்கு வளைகாப்பு நடத்தி, பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்து வர வேண்டும். ஓட்டியவள் மூத்த மகள். கார், 2022-ல் அறிமுகமான டாடா டியாகோ மின்சார ரகம்.

கிளம்பும்போதே அக்காவுக்குக் கவலை. "பிள்ளைத்தாச்சிப் பொண்ணை வச்சுக்கிட்டு நடுவழியில சார்ஜ் தீர்ந்து நின்னா என்னடி பண்றது?"

"கம்பெனியில 300 கிலோமீட்டர் கிட்ட சொல்றாங்கம்மா. ஏ.சி. போட்டு ஓட்டினா எனக்கு 200 வருது. போக வர 160தானே?" என்றாள் மகள்.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்று பெயர்கள். அறுவடைக் காலமாதலால் அதைத் தாண்டியதும் ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாள், கார் பக்கத்தில் வந்த பிறகுதான் நிமிர்ந்தார். "சத்தமே இல்லாம வர்றீங்களே தாயி!" என்றார். சத்தம் இல்லாதது உள்ளே இருப்பவர்களுக்குச் சுகம். கிராமத்து ரோட்டில் மெதுவாக, ஹாரன் அடித்துத்தான் போக வேண்டும்.

திரும்பும்போது கர்ப்பிணிப் பெண் குமட்டல் இல்லாமல் வந்தாள். பெட்ரோல் வாடை கிடையாது, கியர் மாற்றும் குலுக்கலும் கிடையாது. மேடு பள்ளம் மட்டும் எந்தக் காரிலும் மேடு பள்ளம்தான்!

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கலாமா சித்தி?" என்று கேட்டாள். வழியிலேயே கணக்குப் போட்டோம்.

இந்தக் காரின் பாட்டரி 24 யூனிட் கொள்ளும். சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் 27 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும், 200 கிலோமீட்டருக்கு 270 ரூபாய். பெட்ரோல் கார் என்றால் அந்தத் தூரத்துக்குப் பன்னிரண்டு லிட்டராவது வேண்டும். 1,200 ரூபாய்க்குக் குறையாது. வாங்கும்போது மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம்தான். ஆனாலும் காரின் விலை கூடுதல். நிறைய ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது ஈடாகும்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், இரண்டு மாத மின்கணக்கில் 270 யூனிட் கூடும். முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், மொத்தம் 500-ஐத் தாண்டினால் யூனிட் விலை ஏறிவிடும். உங்கள் வீட்டு மீட்டர் கார்டை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் வீட்டு வாசல். மூத்தவளுக்குத் தஞ்சாவூரில் புதுக் காலனியில் போர்ட்டிகோ வைத்த வீடு. இரவு ப்ளக்கைச் சொருகினால், காலையில் காபி போடுவதற்குள் சார்ஜ் முடிந்துவிடுகிறது. இளையவள் வீடோ திண்ணை வைத்த, சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீடு. கார் தெருவில்தான் நிற்கும். ஜன்னல் வழியே ஒயர் இழுத்து, மழையிலும் குழந்தைகள் ஓடுகிற இடத்திலும் போட முடியுமா?

கடலோரத்தில் இன்னொரு யோசனையும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக் கணக்கில் இருட்டில் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்ததும் தண்ணீர் பிடித்து வைப்பதுபோல் காரையும் முழுக்க சார்ஜ் செய்துவிட்டால், ரோடு திறந்ததும் தஞ்சை ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி வரை வந்துவிடலாம். ஆனால் அந்த சார்ஜ் தீர்ந்த பிறகு மின்சாரம் வரும் வரை கார் நகராது. வீட்டுக்கு அது ஒன்றே வண்டி என்றால், கைக்குழந்தைக்காரி என்ன செய்வாள்?

எனவே இளையவள் இப்போதைக்கு இருக்கிற பெட்ரோல் வண்டியோடு இருக்கட்டும், சொந்தமாக வண்டி நிறுத்த இடம் அமைந்ததும் மின்சாரக் கார் வாங்கலாம் என்று முடிவாயிற்று. அவளுக்கும் அதுவே சரியென்று பட்டது.

வாங்க நினைக்கும் சகோதரிகள், கார் கடைக்குப் போகுமுன் ஓர் எலெக்ட்ரீஷியனை வீட்டுக்கு அழையுங்கள். 15 ஆம்பியர் ப்ளக், அதற்குத் தனி லைன், சரியான எர்த், குழந்தைகளுக்கு எட்டாத உயரம், நனையாத இடம். இவை ஐந்தும் அமைந்தால், பிறகு காரின் நிறத்தைப் பேசலாம்.