கரும்பு எவ்வளவு, வண்டி எவ்வளவு?

பொங்கலுக்கு வந்திருந்தபோது போனை என் கையில் கொடுத்துக் காட்டினாயே பாப்பா, உன் கல்யாணத்துக்கு என்று பாண்டிச்சேரிக் கடற்கரை, வெள்ளைத் துணிப் பந்தல், மாலை வெயில். கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகவே பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. "என்ன தாத்தா, ஒண்ணும் சொல்லலையே" என்றாய். உன் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தொகையைக் கேட்டதிலிருந்தே அவன் முகம் சரியில்லை. அவன் எதிரில் பேசினால் உன் ஆசைக்கு நான் தடை போடுவதுபோல ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். நீ சொன்ன கார்த்திகை முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. சேத்தியாத்தோப்பு கூட்டுறவு சர்க்கரை ஆலையில் எடைமேடையில் உட்கார்ந்து காலம் தள்ளியவன். அந்த மேடை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு கணக்கு. கரும்பு ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறினால் ஓர் எடை எழுதுவேன். கரும்பை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது இன்னோர் எடை. முன்னதில் பின்னதைக் கழித்தால் வருவதற்குத்தான் விவசாயிக்குப் பணம். வண்டிக்கு எத்தனை பூ சுற்றியிருந்தாலும், ஹாரன் எத்தனை ராகம் பாடினாலும், ஆலை அதற்கு ஒரு பைசா கொடுக்காது.

கல்யாணத்துக்கும் அந்தக் கணக்குதான். தாலி, சாட்சிக்குப் பெரியவர்கள், வந்தவர் வயிறு குளிர ஒரு சாப்பாடு, உங்கள் இரண்டு பேர் மனதிலும் தங்கிவிடுகிற ஒரு பொழுது. இது கரும்பு. மற்றதெல்லாம் வண்டி. வண்டி இல்லாமல் கரும்பு வந்து சேராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரை டன் கரும்புக்கு லாரி பிடிக்கக் கூடாது.

நானே பிடித்தவன்தான். உன் அத்தை கல்யாணத்தை நம் ஊரிலேயே வைத்திருக்கலாம். சம்பந்தி வீட்டார் வெளியூரில் பெரிய மண்டபமாகப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கும் உள்ளூர ஆசை. ஊர் ஜனத்தைக் கூட்டிப்போக மூன்று பஸ் பிடித்தேன். மூன்றாவது பஸ்ஸில் பதினோரு பேர் உட்கார்ந்து போனார்கள். ஆயிரம் இலைக்குச் சொல்லியிருந்தேன். விழுந்தது அறுநூற்றுச் சொச்சம். வரமுடியாதவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள் என்று ஊருக்குத் திரும்பி இன்னொரு சாப்பாடு போட்டேன். இதற்காக ஒன்றரை லட்சம் ரூபாய் கடன், இரண்டு வட்டிக்கு. இரண்டு வட்டி என்றால் உங்கள் பேங்க் கணக்கில் வருஷத்துக்கு 24 சதவீதம். மாதம் 3,000. ஐந்து வருஷம் வட்டி மட்டும் கட்டினேன், 1,80,000 போயிற்று. அசல் அப்படியே நின்றது. உன் அத்தைக்குப் பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடம் போன பிறகுதான் அந்தக் கல்யாணம் எனக்கு முடிந்தது.

அந்த வட்டியில் நான் கற்றுக்கொண்டது இது. வெளியூர்க் கல்யாணம் என்றாலே செலவு என்று நம் ஆட்கள் சொல்வது பாதிதான் சரி. பணத்தைத் தின்பது தூரம் இல்லை, தலைக்கணக்கு. உள்ளூரில் ஒருவர் வந்தால் முந்தின நாள் ராத்திரி, காலை டிபன், மதியச் சாப்பாடு என்று மூன்று இலை. வெளியூரில் அதே ஆளுக்கு பஸ்ஸில் ஓர் இடம், தங்க அறையில் ஒரு பங்கு, காபி பலகாரம் என்று இன்னும் மூன்று சேரும். அங்கே ஒரு பெயரைக் குறைத்தால் ஆறு செலவு குறையும். ஒரு பெயரைக் கூட்டினால் ஆறும் கூடும். ஆகவே கடற்கரை வேண்டுமென்றால் அறுபது, எழுபது பேரோடு போ. ஊரே வேண்டுமென்றால் ஊரிலேயே வை. ஊரையே தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவதும், வந்து இங்கே ஒரு வரவேற்பு வைப்பதும் ஒரு பெண்ணுக்கு இரண்டு கல்யாணம் செய்கிற வேலை.

அடுத்தது தேதி. முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்தான் பெங்களூர் சிநேகிதர்கள் வரமுடியும் என்றாய். சனி, ஞாயிறு பாண்டிச்சேரியில் சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் கல்யாணம் இல்லாமலேயே அறைகளை நிரப்பிவிடுவார்கள். அவர்களோடு நீயும் போட்டி போட வேண்டும். புதன், வியாழனில் ஒரு நல்ல முகூர்த்தம் பார்த்தால் அதே அறையை விலை பேசிக் குறைக்கலாம். உண்மையாக வருகிறவன் ஒரு நாள் லீவு போட மாட்டானா?

கார்த்திகையையும் யோசி. நீ பெங்களூரில் இருந்ததால் நம் கடற்கரையின் குணம் மறந்துவிட்டது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அது மார்கழி, முகூர்த்தம் இல்லாத மாதம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டிச்சேரி அருகே வந்தபோது நடுக் கார்த்திகை. அந்த மழையில் உன் வெள்ளைத் துணிப் பந்தலை நினைத்துப் பார். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரம் திறந்தவெளி மேடை போடுவது கரும்பை வெட்டி மழையில் போடுவதுபோல. வைகாசி, ஆவணி பார். இல்லை, கார்த்திகைதான் என்றால், மழை வந்தால் மேடை எங்கே, புயல் வந்தால் அட்வான்ஸ் திரும்புமா, தேதியை மாற்றித் தருவார்களா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கு. வாயால் சொன்னதெல்லாம் கடல் காற்றோடு போய்விடும்.

எழுத்து என்றதும் இன்னொன்று. "மண்டபம் ஒரு லட்சம்" என்பான். வரி சேர்த்தா என்று கேள். வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அங்கேயே 18,000. கரண்ட் யூனிட் கணக்கு தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, பெருக்கித் துடைக்கக் கூலி தனி. சாவி எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள், மறுநாள் எத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும், நம் சமையல் மாஸ்டரை உள்ளே விடுவார்களா? இதைக் கேட்கக் கூச்சப்படாதே. எடைமேடையில் சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் போன விவசாயியை நான் பார்த்ததே இல்லை.

உன் அப்பன் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறான், "மொய் வரும், அடைச்சிடலாம்" என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். மொய் என்பது வருமானம் இல்லை கண்ணு, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைப்பார்கள். வாங்கியவர் நோட்டைப் பார்த்து அதற்கு மேலே போட்டுத் திருப்ப வேண்டும். நம் பக்கம் அவ்வளவு இல்லையே தவிர, உன் ஆயா வைத்துவிட்டுப் போன மொய் நோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. நான் இன்னும் அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு விசேஷத்துக்கும் போகிறேன். ஒரு கடனை இன்னொரு கடனால் அடைக்கலாம் என்று கல்யாணத்தைத் திட்டமிடாதே.

இவ்வளவும் சொல்லிவிட்டு வழி சொல்லாமல் விட்டால் நான் கிழவன்தான், பெரியவன் இல்லை. வெளியூர்க் கல்யாணம் உங்கள் தலைமுறை கண்டுபிடித்தது இல்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் கடலூரை ஒட்டித் திருவந்திபுரம். கெடிலக் கரையில் தேவநாதப் பெருமாள் கோயில், எதிரே ஔஷதகிரி, மேலே ஹயக்ரீவர். பெரிய முகூர்த்த நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகள் அங்கே தாலி கட்டிக்கொள்கிறார்கள். ஒரு கூட்டத்து மாலை இன்னொரு கூட்டத்தை உரசும். எந்த மேளம் யாருக்கு என்று தெரியாது. அங்கே யாரும் யாருக்கும் பகட்டுக் காட்ட முடியாது. அந்த நெரிசலே பெரிய சிக்கனம். பணக்காரனும் வருகிறான், கூலிக்காரனும் வருகிறான். படியேறி, மாலை மாற்றி, இறங்கிப் போகிறார்கள். வயதுச் சான்று, ஆதார், முதல் திருமணச் சான்று எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்குள் எங்கே கல்யாணம் நடந்தாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடு. இங்கே 2009-ஆம் வருஷச் சட்டப்படி அது கட்டாயம்.

ஆகவே என் யோசனை இது. காலையில் திருவந்திபுரத்தில் தாலி. இரண்டு பக்கமும் சேர்த்து அறுபது பேர். மதியம் நம் ஊரில் ஊருக்குச் சாப்பாடு, நம் மாஸ்டர், நம் மளிகை, நம் வாழை இலை. திரும்பும் வழியில் வடலூர் வரும். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்னும் அணையவில்லை. நான் ஆயிரம் இலைக்குச் சொல்லி வீணாக்கியதில் ஒரு பங்கை அங்கே கொடுத்திருந்தால் எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நினைக்கிறேன். நீயாவது ஒரு நாள் அன்னதானத்துக்கு எழுதிக் கொடு.

தாம்பூலப் பையில் போட பெங்களூரிலிருந்து எதையும் சுமந்து வராதே. விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிறது. ப்யூஸ் கேரியர் செய்கிற அதே பீங்கான் களிமண்ணில் கையளவு பொம்மையும் விளக்கும் செய்கிறார்கள். பட்டறையிலேயே போய் மொத்தமாக எடுத்தால் கடையில் கேட்கும் விலை வராது. வாங்கிப்போனவர் வீட்டுக் கொலுவில் அது வருஷா வருஷம் உட்காரும்.

கடலும் வேண்டும் என்றாயே, அதை நான் மறக்கவில்லை. மறுநாளோ மறுவாரமோ நீயும் மாப்பிள்ளையும் மட்டும் பாண்டிச்சேரிக்குப் போங்கள். அதே அந்தி, அதே கடல். இரண்டு பேருக்கு ஓர் அறை. ஒரு போட்டோக்காரரையும் கூட்டிப்போ, வேண்டாம் என்று சொல்லவில்லை.

முடிவு உன்னுடையது. மாப்பிள்ளையிடம் கலந்து பேசு. அவர் வீட்டுப் பெரியவர்கள் மனசையும் கேள். ஆனால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது போனில் படம் கொண்டுவராதே. யார் யாரை அழைக்கப் போகிறாய் என்று ஒரு நோட்டில் பெயர் எழுதி எடுத்து வா. பென்சிலால் எழுது. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழித்து அழித்துப் பார்ப்போம்.