வெள்ளிப் பலூன் எழுத்துகள்

அம்மாவின் இடுப்பு வலிக்குப் பத்து வருஷம் எங்கள் வீட்டில் ஒரே மருந்துதான்: "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்." மயிலாப்பூர் வீட்டின் சமையலறைக்கும் துணி காயப்போடும் மொட்டை மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அடையாறில் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் நரம்பு நசுங்கியிருப்பது தெரிந்தது.

அந்த இயந்திரத்தின் காந்தச் சுருளை மைனஸ் 269 டிகிரியில் குளிரவைத்திருப்பது திரவ ஹீலியம். பல இயந்திரங்களுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். நிலத்தடியில் யுரேனியமும் தோரியமும் சிதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த வாயு அது. இந்தியா அநேகமாக முழுவதையும் இறக்குமதி செய்கிறது. வெளியே விட்டால் மெல்ல விண்வெளிக்கே போய்விடும்.

அதன் முதல் தடயம் கிடைத்ததோ நம் மதராஸ் மாகாணத்தில். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது, சூரிய ஒளியில் புதியதொரு மஞ்சள் கோட்டைக் குறித்துவைத்தவர்களில் ஒருவர் மதராஸ் வான் ஆய்வகத்தின் நார்மன் போக்சன். அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸ் 1873 முதல் நுங்கம்பாக்கத்தில் அதே ஆய்வகத்தில் வேலை பார்த்தார். 1881 முதல் மாகாணத்தின் வானிலை அறிக்கைகளும் அவர் பொறுப்பு. 1886இல் லண்டன் ராயல் வானியல் கழகத்துக்கு அப்பா அவர் பெயரை முன்மொழிந்தார். சாசனத்தில் இருப்பது ஆண்பாற் சுட்டு, பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள். 1920இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்பால் பெண்பால் எல்லாம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்கும் என் மாணவிகளுக்கு இதைச் சொல்வதுண்டு.

தி. நகர் மண்டபங்களில் இப்போது மஞ்சள் நீராட்டு மேடையில் பெண்ணின் பெயர் வெள்ளிப் பலூன் எழுத்துகளாக மிதக்கிறது. மொத்த ஹீலியத்தில் பலூனுக்குப் போவது சிறு பங்குதான். அதை நிறுத்தியிருந்தால் அம்மாவை முன்பே ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருப்பார்கள் என்றும் இல்லை. ஆனால் எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று நாம் போடும் வரிசை அந்த மேடையில் அப்பட்டமாகத் தெரிகிறது. பெண் உடம்பு பெரியதானதை ஊருக்கு அறிவிக்கச் சிலிண்டர் அன்றைக்கே வந்துவிடுகிறது. அதே உடம்பு வலிக்கிறது என்றால் பத்து வருஷம்.

உறவுக்காரப் பெண் ஒருத்தி மகளின் சடங்குக்கு அழைக்க வந்தபோது பலூன் பேச்சும் வந்தது. "ஒரு நாள்தானே அக்கா" என்றாள். அந்த ஒரு நாளே எதற்கு என்றுதான் முதலில் கேட்டேன். பலூனைப் பற்றி அப்புறம் பேசினோம்.