சாவடியில் இறங்கிய சரக்கு

பாண்டிச்சேரியில் மரக்காணம் பஸ் ஏறி, "முதலியார்சாவடி ஒண்ணு" என்று நீட்டினால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மாட்டார். "சின்னதா, பெரிசா?" என்பார், ஏதோ காபி டம்ளர் மாதிரி. கோட்டக்குப்பம் தாண்டியதும் முதலில் வருவது சின்னது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பெரியது. இரண்டு முதலியார்களும் யார், அண்ணன் தம்பிகளா, பங்காளிச் சண்டையில் ஆளுக்கொரு சாவடி கட்டினார்களா என்றெல்லாம் கேட்டால் பின் ஸீட்டில் தூக்கம் கெடுகிறது.

பெரிய முதலியார்சாவடியில் இறங்கினால் கிழக்கே கடல். மேற்கே திரும்பினால் குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில். அதனால் இந்த முக்கில் சுருட்டை முடி வெள்ளைக்காரர் மொபெட்டில் போவதும், நெத்திலிக் கூடையோடு அம்மா ஒருத்தர் அவரை ஓரம் போகச் சொல்லித் திட்டுவதும் தினசரிக் காட்சி. திட்டு தமிழில்தான். அவருக்கும் புரிகிறது.

சாவடி என்றால் வழிப்போக்கர்கள் இராத் தங்கும் இடம். வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டி, கட்டுச்சோறு பிரித்து, ஊர்ச் சேதி பேசிப் படுப்பார்கள். விடிந்தால் அவர்கள் போய்விடுவார்கள். சேதி மட்டும் ஊரிலேயே தங்கிவிடும்.

இதை நான் சொல்லக் காரணம், கூட வந்த நண்பர் டீக்கடை பெஞ்சில் எடுத்து வைத்த ஒரு டப்பா. சோப்புப் பெட்டி அளவு. உள்ளே இருப்பது 2012-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த 'ராஸ்பெரி பை' என்கிற குட்டிக் கம்ப்யூட்டர். பேரில் பை இருந்தாலும் சட்டைப் பைக்குள்ளேயே அடங்கிவிடும். நண்பர் அதை பவர் பேங்க்கில் செருகினார்.

"இன்னாத்துக்குப்பா இந்த டப்பா?" என்றார் கடைக்காரர்.

"நெட் இல்லாமலே நெட்டுல இருக்கறதைப் படிக்கலாம், அண்ணே."

"அதெப்பிடி? மாடு இல்லாம பாலா?"

பக்கத்தில் எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் அம்மாவின் போனோடு நின்றிருந்தான். 'ரீசார்ஜ் முடிஞ்சிடுச்சுண்ணா' என்று ஏற்கெனவே வருத்தப்பட்டவன். டப்பா பரப்புகிற வைஃபையில் அவன் போனைச் சேர்த்தார் நண்பர். அரை நிமிஷத்தில் திரையில் தமிழ் விக்கிபீடியா! ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், கட்டை விரல் நகமளவு மெமரி கார்டில். ஒரு பைசா டேட்டா செலவில்லை.

நான் பி.காம். எதையும் கொள்முதல், இருப்பு, விற்பனை என்று போட்டால்தான் எனக்கு ஏறும். அப்படிப் போட்டுப் பார்த்தேன். இன்டர்நெட் என்பது தூரத்து மொத்த மண்டி. குண்டூசி வேண்டுமென்றாலும் ஒவ்வொருத்தரும் பஸ் பிடித்து மண்டிக்கே போய் வருகிறோம். டப்பாக்காரர்கள் செய்வது உள்ளூரில் ஒரு கிடங்கு. நெட் கிடைக்கிற இடத்தில் ஒரு தடவை சரக்கு ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டால், அப்புறம் விநியோகம் எல்லாம் கிடங்கிலிருந்துதான். ஏற்றுகிற மூட்டைகளுக்குப் பேரும் உண்டு. விக்கிபீடியாவைச் சுருட்டித் தருவது 2007-இல் தொடங்கிய 'கிவிக்ஸ்'. பாட வீடியோ, பயிற்சிக் கணக்கு எல்லாம் அடுக்கித் தருவது 2017-இல் வந்த 'கொலிப்ரி'. எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் தடுக்கி விழுந்தது என்று வாத்தியாருக்குக் கோள் சொல்லும் வேலையையும் கொலிப்ரி நெட் இல்லாமலே செய்கிறது.

இது ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இதே கடற்கரையில், இதே யோசனை 1998-லேயே நடந்திருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியோடு, பாண்டிச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தது. டெலிபோன் லைன் நம்ப முடியாத காலம். வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து கிராமங்களுக்கு வயர்லெஸ். இடம் ஊர்க்காரர்கள் இலவசமாகத் தர வேண்டும். எந்த ஜாதிக்காரரும் தடையில்லாமல் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தத் திட்டத்தில் ரொம்பப் பிடித்தது இந்த நிபந்தனைதான். கம்ப்யூட்டர் அப்புறம்.

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு நாளைக்கு அலை எத்தனை உயரம் என்று தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படை அதைக் கணித்து இன்டர்நெட்டில் போடுகிறது, இங்கிலீஷில். வில்லியனூரில் அதை எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒலிபெருக்கி வாசித்தது. வலை பின்னிக்கொண்டே காதால் கேட்டார்கள். அமெரிக்காவிலிருந்து கூம்பு ஸ்பீக்கர் வரைக்கும் ஒரே சங்கிலி!

2004 டிசம்பர் 26 அன்று, அந்தத் திட்டம் நடந்த இன்னொரு கிராமமான நல்லவாட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் அந்த ஊர்ப் பிள்ளை, வேலைக்குப் போனவர். சுமத்ரா பூகம்பச் செய்தி கேட்டுப் பதறி, வீட்டை விட்டு ஓடுங்கள் என்றார். மையம் பூட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து மைக்கைப் பிடித்தார்கள். சுமார் 3,600 பேர் கடலை விட்டு விலகி ஓடிப் பிழைத்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. உயிர் போகவில்லை.

"இப்போதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே, டப்பா எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அம்மாவின் போன் அம்மாவோடு வேலைக்குப் போய்விட்டால்? ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் ஒரே வீடியோவை ஒரே சமயத்தில் தட்டினால்? கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத்தான் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் அதை 2021 அக்டோபர் 27-இல் தொடங்கி வைத்தது இதே சாலையில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில். (சாவடி வேறு, குப்பம் வேறு. கண்டக்டரிடம் சரியாகச் சொல்லவும்.) அங்கேயும் பாடம் வீடு தேடிப் போனது ஒயரில் அல்ல, தன்னார்வலர்களின் காலில்.

அப்புறம் புயல். 2011-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். இந்தக் கரைக்குப் புயல்கள் நிரந்தர விருந்தாளிகள். கரன்ட் போனால் பின்னாலேயே டவரும் போகும். டப்பாவுக்கு ஒரு பவர் பேங்க் போதும்.

பையன் தேடுபெட்டியில் 'உப்பு' என்று அடித்தான். கட்டுரை வந்தது: சோடியம், குளோரின், ரத்தக் கொதிப்பு... உரக்கப் படித்தான். மரக்காணத்து உப்பளத்தில் பாதி ஆயுசைக் கழித்தவராம் நம் கடைக்காரர். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"பாத்தி எப்பிடி மிதிக்கணும்னு போட்டிருக்கா?"

பையன் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "இல்ல மாமா."

"அப்ப இன்னா பெரிய டப்பா அது?"

எனக்கு அவர் கட்சி சரியென்றே பட்டது. கிடங்கு எத்தனை பெரிதானாலும், ஏற்றிய சரக்குதானே இறங்கும்? நண்பர் விட்டுக்கொடுக்கவில்லை. "விக்கிபீடியாவுல யார் வேணா எழுதலாம், அண்ணே. நீங்க சொல்லுங்க, தம்பி எழுதட்டும். அடுத்த தடவை சரக்கு ஏத்தும்போது அதுவும் டப்பாவுக்குள்ள வந்துடும்" என்றார். பிறகு கொஞ்சம் இழுத்தார். "ஆனா ஒண்ணு... எழுதறதுக்கு ஆதாரம் கேப்பாங்க."

"ஆதாரமா?" கடைக்காரர் செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்தார். வெடித்து, வெளுத்து, மரப்பட்டை மாதிரி இருந்தது பாதம்.

"இத்த போட்டோ பிடிச்சிப் போடச் சொல்லு."