மூன்று மாதம் பின்னால் பாருங்கள்

கல்யாண வீடோ காரிய வீடோ, பேத்திமார் என்னைச் சுற்றி உட்கார்ந்தால் கேட்பது ஒன்றுதான்: "பாட்டி, முடி கொத்துக் கொத்தா கொட்டுது. என்ன எண்ணெய் தேய்க்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "எண்ணெய் கிடக்கட்டும். மூணு மாசத்துக்கு முன்னாடி உனக்கு உடம்புக்கு என்ன வந்துச்சு?"

காரணம் இருக்கிறது. தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பிறகு உதிரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல், தாங்க முடியாத துக்கம் ஆகியவை வந்தால், வளர வேண்டிய முடிகளும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிரும்போது நாம் காய்ச்சலையே மறந்திருப்போம். பழி ஷாம்பு மேலும் போர் தண்ணீர் மேலும் விழும்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை. பிரசவமாகி மூன்று மாதம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். இப்படிக் கொட்டும் முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்பிவிடும்.

நாள்பட்டுக் கொட்டுவதுதான் கவனிக்க வேண்டியது. நம் பெண்களுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவதும், மாதவிலக்கில் அதிகம் போனால் வெளியே சொல்லாமல் இருப்பதும் இதை வளர்க்கும். அடுத்தது தைராய்டு. இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

வழுக்கை வேறு வகை. அது தாய்வழியிலும் வரும், தந்தைவழியிலும் வரும். ஆண்களுக்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் முடி குறையும். பெண்களுக்கு வகிடு அகலும். தொடக்கத்திலேயே தோல் மருத்துவரிடம் போனால் வேகத்தைக் குறைக்க மருந்து உண்டு. ஆனால் நிறுத்தினால் பலனும் போய்விடும். காசளவு வட்டமாக முடி போகும் புழுவெட்டு, எந்தப் புழுவாலும் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருகிறது. சின்ன வெங்காயம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். தினமும் இறுக்கி இழுத்துப் பின்னினாலும் நெற்றியோர முடி போகும். நெடுநாள் தொடர்ந்தால் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது.

இத்தனை வயதில் நான் கண்டது இது: உடம்புக்கு நாம் செய்யும் கேடு அன்றே தெரிவதில்லை. தாமதமாகத் தெரிவதால், காரணத்தை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதைக் குற்றம் சொல்கிறோம். கடையில் விற்கும் எண்ணெய்க்கும் அதனால்தான் இவ்வளவு கிராக்கி. தேய்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வறட்சி குறையும், முடி முறிவது குறையும். சோகையை எண்ணெய் தீர்க்காது.

பெண்பிள்ளைகளே, அடுத்த பாட்டில் வாங்கும் முன் இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். வீட்டு ஆண்களே, உங்களோடு சேர்ந்து அவளும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள்.